தூங்குமூஞ்சி

முன்னூறு யூரோ. பாதியை உறையிலிட்டு
மேசைமேல் வைத்தாள் ஜிஸ்லேன் கருப்பேன்.
பதினோரு வருடமாய் என் வீட்டுக் காப்பியைக்
கேட்காமல் ஊற்றிக் குடிப்பவள்
அன்று கேட்டுக் குடித்தாள்.

"என்னையும் அவனையும் சேர்த்து வரை.
சோபாவுக்கு மேலே ஆணி அடித்தாயிற்று."

அவன் என்பது
அவள் சமையலறை ஜன்னலோரச் செம்பருத்தியில்
மூன்று மழைக்காலமாய்க் குடியிருக்கும் பச்சோந்தி.
பிடித்து வளர்த்தால் அபராதம் போடுவார்கள்.
"நான் எங்கே வளர்க்கிறேன்?
அவன் தங்கியிருக்கிறான்.
நான் வெட்டுக்கிளி வைக்கிறேன்."

காரைக்காலில் என் மாமா
கட்சி மாறியவர்களை வைய எடுக்கும் சொல் அது என்றேன்.
சேன்-ஆந்த்ரேயில் பிறந்து
தமிழில் அரோகராவும் வடையும் அறிந்தவள்
அசை பிரித்துச் சொல்லிப் பார்த்தாள்.
"இங்கே இவன் பெயர் லாந்தோர்மி. தூங்குகிறவன்."
தூங்குமூஞ்சி, என்றேன்.
பிடித்துவிட்டது அவளுக்கு.
மஞ்சள் பேருந்தைச் சலாசி மலைக்கு ஏற்றும்போது
முன்னால் ஊர்கிற கார்களுக்கெல்லாம்
இப்போது அதுதான் பெயர்.

சனிக்கிழமை, தூறல்.
இலைப்பச்சை, எலுமிச்சை மஞ்சள்,
விலாவில் ஓடும் கோட்டுக்கு வெள்ளை,
எல்லாம் பிதுக்கி வைத்து நிமிர்ந்தால்
கிளையில் ஒரு கரித்துண்டு.
ஒரு கண் என்மேல்,
மற்றது தூரிகைமேல்.
"நீ வந்தால்தான் இப்படி.
போன அரைமணியில் பச்சையாகிவிடுவான்."

அடுத்த வாரமும் கரி.
அதற்கடுத்த வாரம் பச்சைச் சட்டை போட்டுப் போனேன்,
மூச்சைக்கூடத் தவணையில் விட்டேன்.
கரி.

அன்றுதான் அவளையும் பார்த்தேன்.
உதட்டை ஒட்டவைத்து
ஓட்டுநர் உரிமத்து முகத்தோடு
கழுத்து விறைக்க உட்கார்ந்திருந்தாள்.
வாய் நிறைய மாங்காயோடு
மேசையைத் தட்டிச் சிரிக்கிற ஜிஸ்லேன்
நான் படியிறங்கிய பிறகு வருவாள்போலும்,
அவனுடைய பச்சையோடு.

"நீ இல்லாதபோது எடுத்தேன்" என்று
கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள்.
பச்சையாய் ஒரு மங்கல்.
மீதியெல்லாம் அவள் கட்டைவிரல்.

முன்பணத்தைத் திருப்பிவிடலாம் என்று
ஒரு செவ்வாய் இரவு போனேன்.
கதவு தாழிடவில்லை.
கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு வந்தவள்
சீருடையோடு, ஒரு காலில் மட்டும் காலணியோடு
பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினாள்.
ஜன்னலுக்கு அப்பால்
வாலைச் சுருட்டிக்கொண்டு அவனும்.
பச்சையில்லை, கரியில்லை,
உரித்த லிச்சிபோல வெளுத்து.

இருவரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
உறையின் பின்புறத்திலேயே
பால்பாயின்ட் பேனாவால் வரையத் தொடங்கினேன்.
மழை வலுத்தது. அவள் குறட்டையும்.

திரைச்சீலையின் முன் நெடுநேரம் நின்றாள்.
"வாய் திறந்திருக்கிறது."
ஆமாம்.
"அவனிடம் துளிப் பச்சை இல்லை."
இல்லை.
"விழித்திருக்கத்தானே காசு கொடுத்தேன்?"
மூடிய கண்கள் நான்குக்கும் சேர்த்து
ஐம்பது யூரோ கழித்தாள்.
பேரம் பேசினேன்.
தோற்றேன்.

போன ஞாயிறு போனபோது
படம் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில்,
ஏற்கெனவே ஓரத்தில் ஒரு மஞ்சள்தூள் கறையோடு.
ஜன்னலில் அவன்
என்னைக் கண்டதும் கறுத்தான்.
"தூங்குமூஞ்சி" என்றாள்,
யாரை என்று தெரியவில்லை.

சோபாவுக்கு மேலே அடித்த ஆணியில்
மழைக்கோட்டு தொங்குகிறது,
சொட்டிக்கொண்டு.